இடப்பக்கம் இழுக்கும் கார்

நவம்பர் 3, திங்கள்

புது நோட்டு. முதல் பக்கத்தில் பெயர் எழுதுவது பழக்கம்: வசந்தாமணி, கால்நடை மருத்துவர், உடுமலை. பதினெட்டு வருடமாகப் பால் சங்கத்துக்காக ஊர் ஊராகப் போய்ப் பார்த்த மாடுகளை இப்படித்தான் தேதி போட்டு எழுதிவந்தேன். ஆகஸ்டிலிருந்து விடுப்பில் இருக்கிறேன். எழுத மாடு இல்லை. டிசம்பர் ஒன்றாம் தேதி வேலைக்குத் திரும்புவதாகச் சங்கச் செயலாளர் ரங்கசாமியிடம் சொல்லியிருக்கிறேன். அதுவரை வண்டியைப் பற்றி எழுதலாம்.

மூன்று மாதம் போர்ட்டிகோவில் நின்ற கார். பேட்டரி உயிரை விட்டிருந்தது. பட்டறை சம்பத் வந்து கிளப்பிக் கொடுத்தார். பல்லடம் சாலையில் இருபது கிலோமீட்டர் போய்த் திரும்பினேன். கிளட்ச், கியர் எதையும் கால் கை மறக்கவில்லை. திரும்பி வரும்போது வண்டி கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்குவதுபோல் இருந்தது. டயரில் காற்று குறைந்திருக்கும்.

மதியம் கத்திரிக்காய்க் குழம்பு, பீன்ஸ் பொரியல். தட்டில் மிச்சம் எதுவும் இல்லை. இரண்டு பக்கமும் பார்த்தேன்.

நவம்பர் 4, செவ்வாய்

முன் இடது டயரில் காற்று இருபத்தாறுதான். வலதில் முப்பத்திரண்டு. நான்கிலும் ஒரே அளவு அடித்தாயிற்று. இவ்வளவுதான் விஷயம். இதற்குப் போய் நேற்று முழுக்க மண்டையைக் குழப்பிக்கொண்டேன்.

நவம்பர் 6, வியாழன்

இவ்வளவுதான் விஷயம் இல்லை.

காலையில் சந்தைவரை ஒழுங்காகப் போன வண்டி, அங்கிருந்து மடத்துக்குளம் போய்த் திரும்பும்போது மறுபடி ஒதுங்கியது. ஸ்டியரிங்கை வலப்பக்கமாக ஒரு விரற்கடை திருப்பிப் பிடித்தபடியே ஓட்ட வேண்டியிருந்தது. கையைத் தளர்த்தினால் சாலையோரப் புளியமரத்தை நோக்கிப் போகிறது.

நேராக அலைன்மெண்ட் கடைக்கு விட்டேன். எனக்கு முன்னால் மூன்று வண்டிகள். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு சக்கரங்களில் எதையோ மாட்டி, கணினியில் பார்த்து, அடியில் படுத்து முறுக்கினார்கள்.

"கொஞ்சூண்டு வெலகியிருந்துச்சுங்க. சரி பண்ணியாச்சு."

"இன்னும் இழுத்தா?"

"ரோட்டையும் பாக்கோணுமுங்க. மழத்தண்ணி வடியட்டும்னு ஓரத்துப் பக்கமாச் சாய்ச்சுத்தான் ரோடே போடறாங்க. எந்த வண்டியும் கொஞ்சம் அக்கட்டதான் போகும்."

நியாயமான பேச்சு. இருந்தாலும் சந்தைத் திடலுக்குப் போனேன். இன்று சந்தை இல்லாததால் சமதரை காலியாகக் கிடந்தது. ஸ்டியரிங்கை விட்டுவிட்டு ஓட்டிப் பார்த்தேன். நேராகப் போனது. நான்கு முறை பார்த்தேன். நான்கு முறையும் நேர்.

வரும் வழியில் கொத்தமல்லி, தேங்காய், என் வீட்டுக்காரருக்கு மூக்குப்பொடி.

நவம்பர் 7, வெள்ளி

நித்திலா பெங்களூரிலிருந்து பேசினாள். ஒரே மகள். என்னைக் கண்காணிப்பதை அவள் வேலைகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

"கார் எடுத்தியாமா? அப்பா சொன்னாரு."

"டாக்டர் ஓட்டலாம்னு எழுதியே குடுத்துட்டாரு கண்ணு."

"எழுதிக் குடுப்பாரும்மா. ரோட்டுல உன்கூட அவரா வரப்போறாரு? ஒரு டிரைவரப் போட்டுக்க. இல்லீன்னா வித்துரு."

டயரில் காற்று குறைந்திருந்ததை மட்டும் சொன்னேன். அதைச் சொன்னால் போதும் என்று தோன்றியது.

நவம்பர் 9, ஞாயிறு

கோயிலுக்குப் போய் வந்தோம். போக இரண்டு கிலோமீட்டர், வர இரண்டு. நேர்.

நவம்பர் 11, செவ்வாய்

நேற்று குடிமங்கலம் போய் வந்தபோது மறுபடியும். அதனால் இன்று காலை வண்டியைச் சம்பத் பட்டறையில் விட்டேன். என் வண்டியை ஒன்பது வருடமாகப் பார்க்கிறவர். அதிகம் பேசாதவர், பேசினால் உண்மையைச் சொல்கிறவர்.

முன் டயர் இரண்டையும் கழற்றி இடம் மாற்றிப் போட்டார். டயரில் குறை இருந்தால் இனிமேல் வலப்பக்கம் இழுக்க வேண்டும் என்றார். ஸ்டியரிங்கில் ஆட்டம் இருக்கிறதா, சஸ்பென்ஷனில் ஏதாவது தேய்ந்திருக்கிறதா என்று அடியில் தட்டிப் பார்த்தார். பிறகு அவரே ஓட்டிப் பார்க்கப் போனார். பத்து நிமிடத்தில் வந்துவிட்டார்.

"நூல் புடிச்சாப்ல போகுதுங்க டாக்டரம்மா."

"நான் ஓட்டினா இழுக்குதே."

சம்பத் கையைத் துணியில் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்தார். அவர் கண் ஒரு நொடி என் இடது கைமேல் போய்விட்டு வந்தது.

"இன்னும் ரெண்டு நாளு ஓட்டிப் பாருங்க. பழக்கம் உட்டுப்போயிருக்குமுங்க," என்றார்.

நவம்பர் 12, புதன்

இதை எழுதாமல் வண்டியைப் பற்றி மட்டும் எழுதிக்கொண்டிருப்பது பொய் சொல்வதுபோல் இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

ஆகஸ்ட் இரண்டாம் தேதி, சனிக்கிழமை, காலை ஆறரை மணி. காபி டம்ளர் தரையில் கிடந்தது. யார் போட்டது என்று பார்த்தேன். என் இடது கைதான் போட்டிருந்தது. போட்டது எனக்குத் தெரியவில்லை. அவர் என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத் தெருவுக்கு ஓடினார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. முப்பத்து மூன்று வருடம் கணக்கு வாத்தியாராக இருந்த குழந்தைவேலு சார், லுங்கியோடு சாலை நடுவில் நின்று பால் வேனை மறித்தார். பால் கேன்களுக்கு நடுவில் உட்கார்ந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

மூளையின் வலப்பக்கத்தில் ஒரு சின்ன அடைப்பு. சீக்கிரம் போனதால் தப்பித்தேன். கை பத்து நாளில் எழுந்தது. ஆனால் முதல் மூன்று வாரம் இன்னொன்றும் இருந்தது. எனக்கு இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. கண் தெரியும், மனம் அங்கே போகாது. தட்டில் வலது பாதிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு "போதும்" என்று எழுந்துவிடுவேன். அவர் தட்டை அரைச் சுற்று சுற்றி வைப்பார். அடடா, இன்னும் இருக்கிறதே என்று மிச்சத்தையும் சாப்பிடுவேன்.

அது சரியாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஊரில் இதற்கு ஒரு சொல் உண்டு. "டாக்டரம்மாவுக்கு இழுத்துக்கிச்சாம்." இப்போது என் வண்டியும் இழுக்கிறது, இடப்பக்கமாக, நான் ஓட்டும்போது மட்டும். சம்பத் கையைத் துடைத்துக்கொண்டே இருந்ததற்கு வேறு என்ன அர்த்தம் சொல்வது?

நவம்பர் 14, வெள்ளி

ஒரு தாளில் இருபது கோடு போட்டு ஒவ்வொன்றுக்கும் நடுப்புள்ளி வைத்தேன். அளவுகோல் வைத்துப் பார்த்தால் எல்லாம் நடுவில்தான் இருக்கின்றன. கடிகாரம் வரைந்தேன், பன்னிரண்டு எண்ணும் அதனதன் இடத்தில். கண்ணை மூடி இரண்டு கையையும் நீட்டி நின்றேன். இடது கை தாழவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

பரீட்சை எழுதுகிறவளும் திருத்துகிறவளும் ஒரே ஆளாக இருந்தால் மதிப்பெண்ணுக்கு என்ன மரியாதை.

குளிர்சாதனப் பெட்டியைச் சுத்தம் செய்தேன். இரண்டு மாதத்துக்கான மாட்டுத் தடுப்பூசிக் குப்பிகள் காலாவதி.

நவம்பர் 17, திங்கள்

வாய்க்கால் மேட்டு ரோட்டில் வண்டி கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. யாருக்கும் அடி இல்லை. ஆட்டுக்கும் இல்லை.

பின்னேரம்.

மேலே எழுதியது அவர் அடுக்களையில் இருந்தபோது எழுதியது. இப்போது அவர் நூலகத்துக்குப் போயிருக்கிறார்.

மாடு பார்க்கப் போகிற என்னுடைய பழைய சுற்றையே முழுதாக ஓட்டிப் பார்க்கலாம் என்றுதான் போனேன். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். வாய்க்கால் கரைமேல் வளைவில் முப்பது ஆடுகள். பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது, ஆனால் நேராக நிற்கவில்லை. யாரோ இடப்பக்கத்திலிருந்து கயிறு கட்டி இழுத்ததுபோல் வெடுக்கென்று திரும்பி, முன் சக்கரம் கரையைத் தாண்டிச் சேற்றில் இறங்கிய பிறகு நின்றது. கதவுக்கு நேர் கீழே தண்ணீர். மழைக்காலம் என்பதால் வாய்க்கால் நிரம்பிப் போய்க்கொண்டிருந்தது.

ஆடு மேய்த்த அம்மாள் ஓடி வந்தார். "ஏனுங்க, வண்டி ஓட்டத் தெரியாதா உங்களுக்கு?" என்று கத்தியவர், கிட்டே வந்ததும் முகம் மாறிவிட்டார். "அட, நம்ம மாட்டு டாக்டரம்மா! இழுத்துக்கிச்சுன்னு சொன்னாங்களே. அதுக்குள்ள வண்டி எடுத்துட்டீங்களா சாமி?"

அந்தக் கேள்வியில் கோபம் இருந்திருந்தால் தேவலை.

கரும்பு வெட்டப் போன ஆட்கள் நான்கு பேர் வண்டியைத் தூக்கி மேலே வைத்தார்கள். இரண்டாவது கியரைத் தாண்டாமல் வீடு வந்து சேர்ந்தேன். சேற்றைக் கழுவினேன். அவரிடம் சொல்லவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

கார் சாவியை அவர் மேசைமேல் வைத்தேன். "எனக்கு வேண்டாம்," என்றேன்.

நவம்பர் 19, புதன்

கோவைக்குப் பஸ்ஸில் போனோம். நரம்பியல் மருத்துவர் முக்கால் மணி நேரம் பார்த்தார். விரலை ஆட்டிக் காட்டினார். ஒரே நேரத்தில் இரண்டு கையையும் தொட்டு எந்தக் கை என்று கேட்டார். ஒரு பக்கம் முழுக்க எழுத்துகளைக் கொடுத்து ஓர் எழுத்தை மட்டும் அடிக்கச் சொன்னார். வண்டி இடப்பக்கம் இழுக்கிறது என்று சொன்னேன். வாய்க்காலைச் சொல்லவில்லை.

"இடது பக்கப் பார்வை முழுசா இருக்கு. கவனமும் நல்லா இருக்கு. ஒரு எழுத்துகூட நீங்க விடல," என்றார். "வண்டி இழுக்குதுன்னா மொதல்ல வண்டியக் காட்டுங்க."

"காட்டிட்டேன். வண்டி நல்லா இருக்காம்."

மருத்துவர் பேனாவை மூடிவிட்டுச் சிரித்தார். ஆறுதலுக்காகச் சிரிக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. நானும் மாட்டுக்காரர்களிடம் அப்படிச் சிரித்திருக்கிறேன்.

திரும்பும்போது பஸ்ஸில் கோவில்பாளையம் தாண்டியதும் வாய்க்கால் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னேன். என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"தண்ணி போச்சா?"

"போச்சுங்க. நெறையா."

என் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். உடுமலை வரும்வரை விடவில்லை. பஸ்ஸில் அப்படி உட்காருகிற ஆள் இல்லை அவர்.

நவம்பர் 20, வியாழன்

காலை இட்லி முடிந்ததும் அவர் ஒரு தாளும் பென்சிலுமாக வந்து உட்கார்ந்தார்.

"எப்பெப்ப இழுத்துச்சு, எப்பெப்ப இழுக்கல? தேதி வாரியாச் சொல்லு."

"ஞாபகமா இருக்கும்?"

"அதா, நோட்டுல எழுதிட்டுதான இருக்கறே?"

நோட்டைக் கொடுக்கவில்லை. நானே படித்துச் சொன்னேன், வண்டி சம்பந்தப்பட்டதை மட்டும். அவர் எழுதிக்கொண்டே வந்தார். சந்தைவரை, நேர். கோயில்வரை, நேர். திடலில், நேர், அதற்கு முன்னால் கடையில் ஒன்றரை மணி நேரம் நின்ற வண்டி. சம்பத் ஓட்டியது பத்து நிமிடம், நேர். பல்லடம் சாலையில் திரும்பும்போது, இழுப்பு. மடத்துக்குளம், இழுப்பு. குடிமங்கலம், இழுப்பு. வாய்க்கால், முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு, இழுப்பு.

பென்சிலைக் கீழே வைத்தார்.

"கெளம்பி அர மணி நேரத்துக்குள்ள ஒருக்காக்கூட இழுக்கல. வண்டி ஓடிச் சூடானதுக்கப்புறம்தான் இழுக்குது. வண்டி சூடானா உன்ற மூளையுமா சூடாகுது?"

எனக்குச் சட்டென்று ஏதோ திறந்ததுபோல் இருந்தது. உடனே நானே அதை மூடினேன். "நேரம் ஆக ஆக எனக்குக் களைப்பு வரும்ல? களைச்சா அந்தப் பக்கம் மறந்து போகும். அப்பவும் உங்க கணக்கு இப்படித்தான வரும்?"

அவர் யோசித்தார். பிள்ளைகள் வகுப்பில் நல்ல சந்தேகம் கேட்டால் அவர் முகம் எப்படி ஆகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இன்றுதான் பார்த்தேன்.

"வரும்," என்றார். "அப்ப ஓட்டறது நீயா இருக்கக் கூடாது. சம்பத்து ஓட்டட்டும். பத்து நிமிசமில்ல, ஒரு மணி நேரம்."

நவம்பர் 21, வெள்ளி

நாள் முழுக்க மழை. சம்பத் நாளைக்கு வருகிறேன் என்றார். என் வீட்டுக்காரர் மூன்று முறை போர்ட்டிகோவுக்குப் போய்க் காரை வெறுமனே பார்த்துவிட்டு வந்தார்.

நவம்பர் 22, சனி

விவரமாக எழுத வேண்டும்.

காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். சம்பத் ஓட்டினார், நான் பக்கத்தில், அவர் பின்னால் கைக்கடிகாரத்தைக் கையில் கழற்றி வைத்துக்கொண்டு. என் சுற்றில் உள்ள ஊர்களையே வழியாகச் சொன்னேன். வேகத்தடை, மாட்டு வண்டி, பள்ளிக்கூடம் என்று பிரேக் போடுகிற வேலை நிறைய உள்ள வழி.

பத்து நிமிடம், நேர். இருபது நிமிடம், நேர். "நல்லாத்தானுங்க போகுது," என்றார் சம்பத், என் முகத்தைப் பார்க்காமல். நான் ஜன்னலுக்கு வெளியே மக்காச்சோளக் காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன். முப்பதாவது நிமிடமும் நேர்தான். டிசம்பர் ஒன்றாம் தேதி வர முடியாது என்று ரங்கசாமியிடம் எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் வாக்கியம் அமைக்கத் தொடங்கிவிட்டேன்.

பிறகு தற்செயலாகத் திரும்பியபோது சம்பத்தின் கையைப் பார்த்தேன். சாலை நேராக இருந்தது. ஸ்டியரிங் நேராக இல்லை. வலப்பக்கமாக ஒரு விரற்கடை திரும்பியிருந்தது. அவருக்கே தெரியாமல் அவர் கை அதைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அடுத்த வேகத்தடையில் அவர் பிரேக்கைத் தொட்டார். வண்டி வெடுக்கென்று இடப்பக்கம் தாவியது.

"யப்பா!" என்றார் சம்பத். அப்புறம், மெதுவாக, "டாக்டரம்மா. இழுக்குதுங்க."

"என்ன சொன்னீங்க?"

"வண்டி இழுக்குதுங்க. எடப்பக்கமா. நல்லாவே இழுக்குதுங்க."

"இன்னொருக்காச் சொல்லுங்க சம்பத்து."

"முப்பத்தெட்டாவது நிமிசம்!" என்று பின்னாலிருந்து அவர் குரல். கணக்குச் சரியாக வந்த சத்தம் அது.

ஓரமாக நிறுத்தச் சொல்லி இறங்கினேன். சம்பத் முன்பக்க மூடியைத் திறக்கப் போனார். நான் திறக்க விடவில்லை. எங்கே கோளாறு என்று வாய் திறந்து சொல்லாத நோயாளிகளிடம்தான் என் பிழைப்பே. மடிநோய் என்றால் நாலு காம்பையும் தொட்டுப் பார்ப்போம். எந்தப் பக்கம் கொதிக்கிறதோ அந்தப் பக்கம் நோய். சுற்றி வந்து ஒவ்வொரு சக்கரமாகப் புறங்கையைக் கிட்டே கொண்டுபோனேன். பின் வலது, வெதுவெதுப்பு. பின் இடது, அதே. முன் வலது, கொஞ்சம் சூடு. முன் இடதுக்கு நாலு விரற்கடை தூரத்திலேயே அனல் அடித்தது. கூடவே கருகிய நாற்றம்.

என் இடது கையை நம்பலாமா என்று ஒரு சந்தேகம். வலது கையால் பார்த்தேன். பிறகு அவரைக் கூப்பிட்டேன். அவர் கிட்டே கொண்டுபோவதற்குப் பதில் நேரே தொட்டுவிட்டு "ஸ்ஸ்!" என்று விரலை உதறினார்.

"பிரேக்கு புடிச்சுட்டு உட மாட்டேங்குதுங்க," என்றார் சம்பத், குந்தி உட்கார்ந்தபடி. "கால எடுத்தாலும் இந்த ஒத்தச் சக்கரத்துல மட்டும் புடிச்சே இருக்குது. அதான் வண்டியே இக்கட்ட திரும்புது. குளுந்திருக்கறப்பத் தெரியல, சூடானாத்தான் காட்டுது. அன்னிக்கே நான் இன்னுங்கொஞ்சம் ஓட்டிப் பாத்திருக்கோணும்." கொஞ்சம் நிறுத்தினார். "தப்பா நெனச்சுப்போட்டேனுங்க. மன்னிச்சுக்குங்க."

வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டு நான் அழுதேன். என் வீட்டுக்காரர் வாழைப்பழம் வாங்கி வருகிறேன் என்று, கடையே இல்லாத பக்கம் நடந்துபோனார்.

வண்டி ஆறிய பிறகு பட்டறைக்குப் போனோம். பிரேக் கட்டையை அழுத்துகிற பாகத்தைக் கழற்றினார். அது நகர்கிற ஊசிகளில் துரு. மூன்று மாதம் நின்றதில் பிடித்தது. சுத்தம் செய்து, கிரீஸ் போட்டு, கட்டைகளை மாற்றிக் கொடுத்தார்.

நவம்பர் 23, ஞாயிறு

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் தூங்கினேன். ஆகஸ்டுக்குப் பிறகு இப்படித் தூங்கியதில்லை.

நவம்பர் 24, திங்கள்

மறுபடி இழுத்தது.

அவரை அருகில் உட்கார வைத்துக்கொண்டு, ஆள் இல்லாத சாலையில் மெதுவாக ஓட்டினேன். ஐம்பதாவது நிமிடம். இந்த முறை உடனே இறங்கித் தொட்டுப் பார்த்தேன். முன் இடது கொதித்தது. நான் இல்லை. நான் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ள ஒரு வழி இருக்கிறது என்பதே பெரிய நிம்மதி.

பட்டறையில் சம்பத் இந்த முறை சூடு ஆறும் முன்பே ஜாக்கி வைத்துத் தூக்கினார். சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தார், நகரவில்லை. பிரேக் பாகத்தில் காற்று எடுக்கிற சின்ன ஆணியைத் தளர்த்தினார். எண்ணெய் சர்ரென்று பீய்ச்சியது. அடுத்த நொடி சக்கரம் லேசாகச் சுழன்றது.

"பாத்தீங்களா? எண்ணெய் உள்ள போகுது, திரும்பி வர மாட்டேங்குது. வழியில எங்கியோ அடைப்பு."

பிரேக் எண்ணெய் போகிற ரப்பர் ஹோஸைக் கழற்றினார். ஒரு சாண் நீளம். வெளியே ஒரு வெடிப்பும் இல்லை, வீக்கமும் இல்லை, புதிதுபோல் இருந்தது. கத்தியால் குறுக்கே அறுத்து என் உள்ளங்கையில் வைத்தார். உள்சுவர் உப்பி, நடுவில் குண்டூசி நுழைகிற ஓட்டைதான் மிச்சம்.

"வயசாச்சுங்க. ஒம்பது வருசம். மேல பாத்தா ஒண்ணுமே தெரியாது. உள்ளார அடைச்சுக்கும்," என்றார் சம்பத்.

என் வீட்டுக்காரரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர்தான் முதலில் சிரித்தார். பிறகு நான். நிறுத்த முடியவில்லை. என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று தெரியாமல் சம்பத் பாவம் முழித்துக்கொண்டு நின்றார்.

நவம்பர் 26, புதன்

நேற்று முன்பக்கம் இரண்டுக்கும் புது ஹோஸ் போட்டாயிற்று. இன்று தாராபுரம்வரை போய்த் திரும்பினோம். போக வர இரண்டேகால் மணி நேரம். பாதியில் மூன்று இடத்தில் நிறுத்தி நாலு சக்கரத்தையும் தொட்டோம். வழியில் டீக்கடைக்காரர், "என்னுங்க, வண்டிக்குக் காய்ச்சலா?" என்றார்.

"இருந்துச்சுங்க. எறங்கிருச்சு," என்றார் என் வீட்டுக்காரர்.

வாய்க்கால் மேட்டு ரோட்டிலும் போனேன். போக வேண்டும் என்று நான்தான் கேட்டேன். அந்த வளைவில் வேண்டுமென்றே பிரேக்கை மிதித்தேன். நட்டு வைத்ததுபோல் நேராக நின்றது.

நவம்பர் 27, வியாழன்

ரங்கசாமிக்குப் போன் செய்தேன். "திங்கக்கெழம வர்றேனுங்க."

"உடம்பு?"

"நல்லா இருக்குது."

"வண்டி?"

அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஆடு மேய்த்த அம்மாள் சங்கத்துக்குப் பால் ஊற்றுகிறவராம். ஊரே கவலைப்பட்டுக்கொண்டிருந்ததாம். "பிரேக் ஹோஸ் அடைப்புங்க," என்றேன். "அதையும் ஊர்ல சொல்லிருங்க."

நித்திலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாய்க்காலையும். முதலில் திட்டினாள். பிறகு அழுதாள். பிறகு, "அந்த ஹோஸைத் தூக்கிப் போட்றாத. போட்டோ அனுப்பு," என்றாள். அனுப்பினேன். தனியாகப் போகிற நாளில் வழியில் ஒரு முறை போன் செய்வது, களைப்பாக இருந்தால் ஓட்டாமல் நிறுத்துவது என்று இரண்டு நிபந்தனை போட்டாள். இரண்டும் சரிதான். ஒப்புக்கொண்டேன்.

நவம்பர் 29, சனி

மருந்துப் பெட்டியை அடுக்கினேன். கையுறை, கயிறு, உயவு எண்ணெய், ஊசிகள். கம் பூட்ஸுக்குள் பல்லி முட்டை.

டிசம்பர் 1, திங்கள்

ஏழு மணிக்குக் கிளம்பினேன், தனியாக. அவர் வாசலில் நின்றார். "பாத்துப் போ" என்று சொல்லவில்லை. அதற்காகவே அவருக்கு நன்றி.

நான்காவது வீடு செங்காட்டுப்புதூர் பூவாத்தாள். விடியற்காலையிலிருந்து முக்கிக்கொண்டிருக்கிற கலப்பினப் பசு. தலைச்சன் ஈற்று. ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது. தொழுவத்தைச் சுற்றி ஏழெட்டுப் பேர். எல்லோரும் மாட்டைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே விடுவது எப்போதும் இடது கைதான். வலது கை வெளியே கயிறு பிடிக்க வேண்டும். கையுறையை எடுத்துவிட்டு ஒரு கணம் நின்றேன். பிறகு இடது கையில்தான் மாட்டினேன்.

தோள்வரை போயிற்று. பசு முக்கியபோது என் கை எலும்பு நெரிந்தது, வலித்தது. வலிப்பது தெரிந்தது. ஒரு முன்னங்கால் மூட்டில் மடங்கிப் பின்னால் மாட்டியிருந்தது. அதைத் தாண்டிக் கழுத்து, தாடை, மூக்கு. அசைவே இல்லை. வாயைத் தேடிச் சுட்டுவிரலை உள்ளே விட்டேன். வழவழவென்று நாக்கு. காத்திருந்தேன்.

"என்னுங்க டாக்டரம்மா," என்றார் பூவாத்தாள். "உசுரு இருக்குதுங்களா?"

நாக்கு என் விரலைச் சுற்றி வளைந்தது. ஒரு முறை, பிறகு நன்றாக அழுத்தி இன்னொரு முறை சப்பியது.

"இருக்குது," என்றேன்.

மடங்கிய காலை நிமிர்த்திக் கயிறு போட இருபது நிமிடம். ஒன்பதே முக்காலுக்குக் கன்று வெளியே வந்தது. கிடேரி. தாயும் நலம்.